குருவைப் பார்க்க ஆலங்காயம் வழியாக

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நடுநிலையாக எழுதப் போவதில்லை. காவலூரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்டால் நூறு வார்த்தை பேசுவேன், கேட்காவிட்டால் இருநூறு. வீட்டில் எல்லோரும் ஓய்ந்துவிட்டார்கள். அலுவலகத்தில் டீ குடிக்கப் போகும்போது என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பது நீங்கள்தான், உட்காருங்கள்.

ஜவ்வாது மலையில், காவலூரில், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் மேலே, காட்டுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் குவிமாடங்கள் நிற்கின்றன. வைனு பாப்பு வானாய்வகம். பெங்களூருவில் இருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஊர்க்காரர்களுக்கு வெறும் ‘அப்சர்வேட்டரி’. நம் மாநிலத்தில், திருப்பத்தூர் மாவட்டத்தில், பேருந்து போகிற ஊரில், ஒரு காலத்தில் ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய டெலஸ்கோப் இருக்கிறது, நாம் ஏலகிரியில் படகு விட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோம்! இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

என் மனைவியின் தம்பியும் அந்தப் படகுக் கட்சிதான். “மாமா, நட்சத்திரம் நம்ம மொட்டை மாடியிலேயே தெரியுமே” என்றான். ஆம்பூரில் பிரியாணி வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் வண்டியில் ஏற்றினேன். வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஆலங்காயம் தாண்டியதும் ரோடு சட்டென்று மலைக்குள் நுழைகிறது. கண்ணாடியை இறக்கிவிடுங்கள், ஏசி வேண்டாம். புளியமரம், பலா, வேலியோரம் காய வைத்த சாமை, பிறகு காடு, காட்டுக்கு மேல் திடீரென்று ஒரு வெள்ளை அரைக்கோளம். “டேய், டேய், அங்க பாரு!” என்று நான் போட்ட சத்தத்தில் அவன் பிரேக்கை மிதித்தே விட்டான், முன்னால் யானை வந்துவிட்டது என்று நினைத்தானாம். நாற்பது வயதைத் தாண்டியவன் இப்படிக் கத்தலாமா என்று கேட்காதீர்கள். அன்று ராத்திரி வரை நான் கத்தியதற்கெல்லாம் இது வெறும் முன்னோட்டம்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். எங்களோடு ஒரு பள்ளிக்கூடக் கூட்டம், பெங்களூருவிலிருந்து வந்த ஒரு குடும்பம், பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டி. சுற்றிக் காட்ட வந்தவர் மெல்லிய குரல்காரர், ஆனால் டெலஸ்கோப் என்று சொல்லும்போது மட்டும் அவர் கண்ணும் என் கண்ணும் ஒரே மாதிரி ஆனதை நான் கவனித்தேன். நம்ம ஆள் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது பெரிய டோமுக்குள் போகிறோம், கூடவே வாருங்கள். வெளியே மாசி மாத வெயில். படியேறி உள்ளே காலை வைத்ததும் குளிர்ச்சி, கொஞ்சம் இருட்டு, எந்திர எண்ணெய் வாசம், யார் பேசினாலும் கூரையில் மோதித் திரும்பி வருகிற எதிரொலி. கண் பழகப் பழக அது தெரிய ஆரம்பிக்கிறது. முதலில் இரும்புச் சட்டங்கள். பிறகு பிரம்மாண்டமான ஒரு குதிரை லாடம், அதைத் தாங்கும் நுகம். அண்ணாந்து பார்க்கிறேன், அண்ணாந்துகொண்டே இருக்கிறேன், கழுத்து வலிக்கிற வரைக்கும் டெலஸ்கோப்தான். அடியில் 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி. 92 அங்குலம்! என்னைப் படுக்க வைத்தாலும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இடம் மிஞ்சும். இருட்டில் நன்றாக விரிந்த நம் கண்மணியைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் வெளிச்சத்தை இந்த ஆடி அள்ளுகிறது என்று அவர் சொன்னபோது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் “ஓ” போட்டார்கள். அந்த “ஓ”வில் என் குரலும் இருந்தது, கொஞ்சம் உரக்கவே.

அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை, ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்தில் வார்த்த ஸெரோடுர். சூடு, குளிர் எதற்கும் நீளவோ சுருங்கவோ மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பீங்கான் கண்ணாடி. ஆனால் வந்தது வெறும் கட்டி. அதைக் குடைந்து, தேய்த்து, மெருகேற்றி ஆடியாக்கியது பெங்களூரு. ஏ.பி. ஜெயராஜன் என்ற ஒளியியல் விற்பன்னரின் மேற்பார்வையில், ஒளி அலை நீளத்தின் சின்னப் பின்னத்துக்குக்கூட மேடு பள்ளம் இல்லாமல் தேய்த்தார்கள். தாங்கும் இரும்பு உடம்பு மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில் உருவானது. ஆடிக்கு மேல் பூசிய அலுமினியம் மங்கினால் புதிதாகப் பூசிக்கொள்ள வெற்றிடத் தொட்டியும் இங்கேயே இருக்கிறது. வெளிநாட்டுக் கப்பலில் மொத்தமாக வந்து இறங்கிய சாமான் இல்லை இது, புரிகிறதா? வடிவமைப்பும் வேலையும் இங்கே நடந்தது. ‘இந்தியாவில் செய்தது’ என்கிற பேச்செல்லாம் இப்போதுதான் வந்தது போலப் பேசுகிறோம், 1985 நவம்பரிலேயே இந்த டெலஸ்கோப் தன் முதல் வெளிச்சத்தை வாங்கிவிட்டது.

அப்புறம் சுற்றிக் காட்டியவர் ஒரு பொத்தானை அழுத்தினார்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! முதலில் தலைக்கு மேலே ஒரு உறுமல். டோமின் பிளவு விலக, இருட்டில் நீளமாக ஒரு நீலக் கீற்று, அது அகலமாகி அகலமாகி வானம் உள்ளே வந்துவிட்டது. பிறகு கூரை முழுக்க நகர ஆரம்பித்தது. சுவர் நிற்கிறது, கூரை சுற்றுகிறது, ஆனால் மூளை கேட்க மாட்டேன் என்கிறது, நாம்தான் சுற்றுகிறோம் என்கிறது, மச்சான் என் தோளைப் பிடித்துக்கொண்டான், நான் பாட்டியின் பேரனைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து டெலஸ்கோப்பே அசைந்தது பாருங்கள், அவ்வளவு இரும்பும் நிலைக்கு வரும் தேர் மாதிரி நிதானமாக, ஆனால் துளிச் சத்தம் இல்லாமல், லாடம் ஒரு பக்கம் சாய, நுனி இன்னொரு பக்கம் எழும்ப, நான் வாயைத் திறந்தபடி நின்றேன். எத்தனையோ ராட்டினம், எத்தனையோ விமானம் பார்த்திருக்கிறேன், எதுவும் இதன் பக்கத்தில் வராது.

லாடத்தின் மைய அச்சு ஏன் இவ்வளவு படுத்தாற்போல் இருக்கிறது என்று ஒரு சிறுமி கேட்டாள், என் வாயிலிருந்து அந்தக் கேள்வியைப் பிடுங்கிக்கொண்டாள் பாவி. காவலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிறது. துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து அதே பன்னிரண்டரை டிகிரி உயரத்தில்தான் தெரியும். அதைப் பார்த்து அச்சைச் சாய்த்துவிட்டால் அது பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். அதற்குப் பிறகு பூமி ஒரு பக்கம் சுற்றச் சுற்ற, டெலஸ்கோப் அந்த ஒரே அச்சில் எதிர்ப்பக்கம் மெல்லத் திரும்பினால் போதும், நட்சத்திரம் பார்வையை விட்டு நகராது. 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று. விஷயம் இவ்வளவுதான், ஆனால் அந்த இரும்பு மலையின் அடியில் நின்று கேட்கும்போது எனக்குப் புல்லரித்தது, சட்டைக் கையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டேன்.

இவ்வளவுக்கும் காரணமான மனிதரைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? வைனு பாப்பு, 1927-இல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஹைதராபாத்தின் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். மகன் ஹார்வர்டுக்குப் படிக்கப் போன இடத்தில் 1949-இல் ஒரு வால் நட்சத்திரத்தையே கண்டுபிடித்துவிட்டார், பாப்பு-பாக்-நியூகிர்க் என்று அதற்கு இவர் பெயரும் சேர்ந்து நிற்கிறது. ஆலின் வில்சனோடு சேர்ந்து 1957-இல் வெளியிட்ட வில்சன்-பாப்பு விளைவு இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலேயே சுகமாக இருந்திருக்கலாமா இல்லையா? திரும்பி வந்தார். 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநரானார். கொடைக்கானல் சூரியனுக்குத்தான் தோது, ராத்திரி வானத்துக்கு வேறு இடம் வேண்டும் என்று தேடித் தேடிக் கண்டுபிடித்த இடம் இந்தக் காவலூர். இவ்வளவு தெற்கே இருந்தால் தென்வானம் கூடுதலாகத் தெரியும், வடவானமும் கைவிட்டுப் போகாது, கண்ணுக்கெட்டிய தூரத்தில் பெரிய நகர வெளிச்சம் இல்லை. கொடைக்கானலிலேயே செய்த 38 செ.மீ. டெலஸ்கோப்பைக் கொண்டுவந்து 1968-இல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருக்கும்போதே, 1982-இல், ஐம்பத்தைந்து வயதில் பாப்பு போய்விட்டார். அவர் கனவு கண்ட பெரிய டெலஸ்கோப் அப்போது முடிந்திருக்கவில்லை. 1986 ஜனவரி 6-ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து அதை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது பாப்புவின் பெயரையே வைத்தார்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினேன், குளிர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த டோமில் ஒரு மீட்டர் டெலஸ்கோப். கிழக்கு ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் செய்தது, 1972-இல் நிறுவியது. அளவில் சின்னதுதான், ஆனால் கதை இருக்கிறதே! வந்த வருடமே, ஜூன் 7-ஆம் தேதி, வியாழனின் நிலவான கானிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டு போனது. நட்சத்திரம் சட்டென்று அணைந்திருந்தால் கானிமீடு மொட்டைப் பாறை. சற்றே மங்கி அணைந்தால் அதைச் சுற்றி ஏதோ காற்று இருக்கிறது. காவலூரிலும் இந்தோனேசியாவிலும் பார்த்தவர்கள் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். அந்தக் காற்று அவர்கள் கணித்ததைவிட மிகமிக மெல்லியது என்று வாயேஜர் பின்னால் காட்டியது, அதனால் என்ன, முதல் சந்தேகம் யாருடையது?

1977 மார்ச் 10 கதை இதைவிட ஜோர். அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க வேண்டும். ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் இந்த டெலஸ்கோப்பில் ஒளிமானியை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நினைத்துப் பாருங்கள், மலை மேல் ராத்திரி, காகிதத்தில் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது, யுரேனஸ் இன்னும் நட்சத்திரத்தின் பக்கத்தில்கூட வரவில்லை, அதற்குள் கோடு பொசுக்கென்று கீழே இறங்கி, சில விநாடி கிடந்து, மறுபடி எழும்புகிறது! மேகமா? மின்சாரமா? இல்லை, ஏதோ ஒன்று குறுக்கே போயிருக்கிறது. புதிய நிலவாக இருக்கலாம் என்று இவர்கள் எழுதினார்கள். அதே சமயம் விமானத்தில் டெலஸ்கோப்பை வைத்து இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்த அமெரிக்கக் குழுவுக்கு ஒன்றல்ல, பல இறக்கங்கள் கிடைத்தன. யுரேனஸைச் சுற்றி வளையங்கள்! சனிக்கு மட்டுமே வளையம் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்ததை உடைத்த ராத்திரி அது, அந்த ராத்திரியில் நம் ஜவ்வாது மலைக்கும் பங்கு. பட்டாச்சார்யாவின் பெயரில் இப்போது 1.3 மீட்டர் டெலஸ்கோப் ஒன்று இதே வளாகத்தில் நிற்கிறது, 2014-இல் வந்தது. சிறுகோள்கள் தேடும் திட்டத்துக்கு இவர்கள் வைத்த பெயர் கல்கி, அதில் 1988-இல் கிடைத்த சிறுகோளுக்குச் சூட்டிய பெயர் ராமானுஜன். பெயர் வைப்பதில்கூட நம்மை உருக்கிவிடுகிறார்கள்.

சாயங்காலம் வந்தது. கையில் இருந்த டார்ச்சுக்கு, சுற்றிக் காட்டியவர் சிவப்புக் காகிதம் சுற்றியிருந்தார். “போன் வெளிச்சம் மட்டும் வேணாம் சார், கண்ணு மறுபடி இருட்டுக்குப் பழக ரொம்ப நேரம் ஆவும்” என்றார். நான் போனை அணைத்தே விட்டேன், பக்தியில். பொதுமக்கள் பார்க்க ஒரு சிறிய டெலஸ்கோப்பை வைத்திருக்கிறார்கள். பெரியதில் கண்ணை வைத்துப் பார்க்க முடியாதா என்று எல்லோரும் கேட்பார்களாம். அதில் பார்ப்பது கேமராவும் நிறமாலைமானியும், மனிதக் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை, சரி, ஒரு துளி தெரிந்தது, அடுத்த நிமிஷம் மறந்துவிட்டேன்.

முதலில் மூன்றாம் பிறை. மறைவதற்குள் பார்த்துவிடுங்கள் என்று அவசரப்படுத்தினார்கள். வெறும் கண்ணுக்குக் கீற்று, டெலஸ்கோப்பில் பள்ளத்தாக்கு! வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற விளிம்பில் ஒவ்வொரு குழியும் தன் நிழலைத் தனக்குள்ளேயே ஊற்றி வைத்திருக்கிறது, ஒரு மலை உச்சி மட்டும் இருட்டுக்குள் தனியாக ஒளிர்கிறது, அங்கே அப்போதுதான் சூரியோதயம். பிறகு தெற்கே திரும்பச் சொன்னார். மரங்களுக்கு மேல் தகதகவென்று ஒரு நட்சத்திரம். அகத்தியர்! இலக்கியத்தில் படித்த அகத்தியரை இங்கேதான் நிமிர்ந்து பார்த்தேன். அப்படியே வடக்கே திரும்பினால், மலை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, அடக்கமாகத் துருவன். ஒரே இடத்தில் நின்று, இடுப்பை மட்டும் திருப்பி, தென்கோடிக்காரரையும் வடகோடிக்காரரையும் பார்த்தாயிற்று. பாப்பு ஏன் இந்த மலையைப் பிடித்தார் என்பது அந்த ஒரு திருப்பத்தில் விளங்கிவிட்டது.

தலைக்கு மேலே கார்த்திகை, ரோகிணி, செக்கச்செவேலென்று திருவாதிரை. பஞ்சாங்கத்தில் இருக்கிற பெயர்கள் எல்லாம் அங்கே நிஜமாகத் தொங்கிக்கொண்டிருந்தன. திருவாதிரை 2019 கடைசியில் மங்கியபோது, அது வெடித்துவிடுமோ என்று உலகமே பார்த்ததே, அந்த மகாராணிதான். அதற்குக் கீழே, வேடன் நட்சத்திரக் கூட்டத்தின் வாளில், ஒரு மங்கல் புள்ளி. டெலஸ்கோப்பைத் திருப்பினார். பார்த்தேன். பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு மேகம், அதன் நடுவே நெருக்கமாக நான்கு புதிய நட்சத்திரங்கள், மேகமே அவற்றின் வெளிச்சத்தில் எரிகிறது. நட்சத்திரங்கள் பிறக்கிற வீடு அது. தூரம் 1,300 ஒளியாண்டுக்குப் பக்கம். அதாவது மாமல்லபுரத்தில் பல்லவர்களின் சிற்பிகள் பாறையைத் தட்டிக்கொண்டிருந்த நூற்றாண்டில் கிளம்பிய வெளிச்சம், வழியில் எங்கேயும் நிற்காமல், யார் கண்ணிலும் விழாமல், நேராக வந்து என் கண்ணுக்குள் இறங்குகிறது, பின்னால் நிற்கிறவர் “சார், கொஞ்சம் நகருங்க” என்கிறார், எப்படி ஐயா நகர்வது!

அதற்குப் பிறகு குரு. குருபெயர்ச்சிக்கு ஊரே ஆலங்குடிக்குப் போகும்போது நான் ஆலங்காயம் வழியாக வந்து வரிசையில் நிற்கிறேன், எனக்கு முன்னால் பாட்டி. ஏணியில் ஒரு படி ஏற்றி விட்டார்கள். கண்ணை வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு, “என்னா சாமி, கூடவே நாலு பேர நிக்க வச்சிருக்காரு!” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்தது நான். சின்னஞ்சிறு வட்டம், மோர் நிறம், குறுக்கே பழுப்பாக இரண்டு பட்டை, இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள், ஊசி முனையில் குத்திய சுத்தம். 1610-இல் கலிலியோ பார்த்த அதே நால்வர், அயோ, யூரோப்பா, கானிமீடு, கலிஸ்டோ. எது கானிமீடு என்று கேட்டேன். பட்டியலைப் பார்த்துச் சொன்னார். கானிமீடு! இதே மலையிலிருந்து, நூறு அடி தள்ளி நிற்கிற டோமிலிருந்து, பாறையா காற்றா என்று கேட்டார்களே, அந்த கானிமீடு, புதன் கோளைவிடப் பெரிய நிலவு, இதோ என் கண்ணில் ஒரு புள்ளியாக! நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை, “வணக்கம்” என்று கத்தினேன் என்கிறான் மச்சான். பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கண்ணை வைத்து அவர்களும் கானிமீடுக்கு வணக்கம் வைத்தார்கள். நான் ஓடிப்போய் வரிசையின் கடைசியில் மறுபடி நின்றேன். அது முடிந்ததும் மறுபடியும். மூன்றாவது முறை ஏணிக்குப் பக்கத்தில் போனபோது சுற்றிக் காட்டியவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “வாங்க சார்” என்று சொல்லி டெலஸ்கோப்பைச் சரிசெய்து கொடுத்தார்.

மச்சான் எங்கே என்று தேடினால், அவன் எனக்கு முன்னால் வரிசையில் நிற்கிறான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், மழைக்காலம் வேண்டாம், தை பிறந்த பிறகு பங்குனி வரை வானம் தெளிவு. பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை போய்விட்டு ஒன்றும் தெரியவில்லை என்று என்னிடம் வராதீர்கள். ராத்திரி மலையில் குளிரும், சால்வை அவசியம். சாப்பாட்டைக் கையில் எடுத்துப் போங்கள், ஆலங்காயத்தை விட்டால் பெரிய கடை கிடையாது, இறங்கி வரும்போது பசி கொல்லும். தனியாகப் போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் தோளை உலுக்கி “பாத்தியா, பாத்தியா” என்று கேட்காவிட்டால் பாதி சந்தோஷம் வீண். ஆள் கிடைக்கவில்லையா? அடுத்த சனிக்கிழமை நானும் மச்சானும் போகிறோம், வண்டியில் இரண்டு இடம் காலி, ஆம்பூரில் பிரியாணி உங்கள் செலவு.